பட்டு போர்த்திய சுவர்

"மறுபடியும் வந்துடுச்சுங்க!" என்று பாத்ரூமுக்குள்ளிருந்து செல்லம்மாள் கத்தினாள்.

தங்கவேலு ஓடிப்போய்ப் பார்த்தார். சுவரில் கறுப்புப் பூஞ்சை இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. சாயந்திரம் வந்தவாசியிலிருந்து மகள் கற்பகத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஆரணியில் அந்தத் தெருவிலேயே கூரையும் குழாயும் போட்ட முதல் பாத்ரூம் அது. தறியில் சம்பாதித்துக் கட்டியது. வீட்டுக்கு யார் வந்தாலும், குடிக்கத் தண்ணீர் கொடுக்குமுன் அதைத்தான் காட்டுவார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர்கூடத் தப்பியதில்லை. அப்பேர்ப்பட்ட பாத்ரூம், ஐப்பசி பிறந்தால் மட்டும் மானத்தை வாங்கியது.

சாரல்தான் காரணம் என்று ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்தார். பூஞ்சை சுகமாகக் குடித்தனம் நடத்தியது. போன வாரம் சுண்ணாம்பு அடித்தார். வெள்ளையில் கறுப்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. இப்போது பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில் சுண்ணாம்புதான் பெயர்ந்து விழுந்தது.

"கதவச் சாத்திட்டா போச்சு. யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் செல்லம்மாள்.

"நம்ம பாத்ரூமப் பாக்காம போவாங்களா? தரகர்கிட்ட சொல்லியே அனுப்பிச்சிருக்கேன்!"

கடைசியில், தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த பச்சைப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து சுவரை மறைத்து மாட்டினார்.

"எவன் வூட்டு பாத்ரூமுக்குப் பட்டு இருக்குது?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அந்த நிலையிலும் பெருமை பெருமைதான்.

வந்தார்கள். பஜ்ஜி தின்றார்கள். கற்பகம் பட்டுடுத்தி வந்து, காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அப்பா முருகேசன் கை கழுவ பாத்ரூமுக்குப் போனார். தங்கவேலுவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

முருகேசன் திரும்பி வந்து மனைவி ரேணுகாம்பாளிடமும் மகனிடமும் குசுகுசுத்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"மனசுல பட்டத மறைக்காம சொல்லிடறேங்க. புடிச்சிருக்குது."

போச்சு! மனிதர் புடவையைத் தூக்கி, பூஞ்சை பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று தங்கவேலு எழுந்து நின்றார்.

"மன்னிச்சிக்கங்க. மூணு வருஷமா புடிச்சிருக்குதுங்க."

"மூணு வருஷமாவா? எது?"

"மொதல்ல சின்னச் சின்ன கறுப்புப் புள்ளியாத்தான் இருந்துது. மழக்காலம் வந்தா பரவிகினே போவுது."

செல்லம்மாள் கண்ணால் ஜாடை காட்டினாள். உண்மை பேசும் வேகத்தில் தங்கவேலு எதையும் கவனிக்கவில்லை.

"இன்னிக்கிக் காலைலகூட பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சேங்க."

"பிளீச்சிங் பவுடரா!" முருகேசன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கும் அடங்கல. பட்டுப்பொடவயச் சுத்திட்டா வெளிய தெரியாதுன்னு நெனச்சேன். தப்புதான். ஆனா இந்தத் தங்கவேலு பொய் சொல்லி சம்பந்தம் பண்ண மாட்டான்!"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அதுவரை வாயே திறக்காத ரேணுகாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வயித்துல பால வாத்தீங்கண்ணே! எங்க பையனுக்கும் முதுகு, கை பூரா இதேதான், நாங்களும் முழுக்கைச் சட்ட போட்டு மூடித்தான் இட்டுகினு வந்தோம்!"