சவர்க்காரமும் மச்சச் சட்டியும்

நல்லூர்த் திருவிழா முடிவதற்குள் என் வீட்டில் விளைமீன் குழம்பு கொதிக்கும் என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான். வெளியே சொன்னால் என் மனைவி சிவக்கொழுந்துக்குக் கேட்டுவிடும்.

கொடியேறும் அன்றே அவள், மீன் கறிக்கென்று இருக்கும் மச்சச் சட்டியைக் கழுவி வீட்டின் பின்புறக் கோடியில் கவிழ்த்துவிடுவாள். தேரும் தீர்த்தமும் முடியும்வரை வீட்டில் சைவச் சட்டிதான். மருதனார்மடம் சந்தையில் மீனைக் கண்டால் எனக்கு அழுகையே வந்தது.

வழி காட்டியவர் பக்கத்து வீட்டு சயன்ஸ் வாத்தியார் தியாகராசா. கிணற்றடியில் நான் தேய்த்துக் குளிக்கும் சீமைச் சவர்க்காரக் கட்டியை முகர்ந்து பார்த்தார்.

"இதுக்கு ஸ்டியரிக் அமிலம் சேருது, அண்ணை. மாட்டுக் கொழுப்பிலை இருந்து எடுக்கிறது. தனியாய் எடுத்தால் வெள்ளை மெழுகு மாதிரி. தண்ணியிலை கரையாது. கொஞ்சம் திண்டாலும் ஒண்டும் செய்யாது."

தேங்காயெண்ணெயிலும் அது கொஞ்சம் உண்டு என்றார். அதை நான் வசதியாக மறந்துவிட்டு, சிவக்கொழுந்து சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன்.

"இஞ்சாரும்! சவர்க்காரத்துக்குள்ளை மாட்டுக் கொழுப்பாம்!"

"சிவ சிவா! மெய்யே?"

"ஓம், வாத்தியார் சொன்னவர். எங்கடை வீட்டு விரதம் எப்பவோ முறிஞ்சு போச்சு. இனி மீன் காய்ச்சினால் என்ன, விட்டால் என்ன?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உந்தச் சவர்க்காரம் ஆர் பூசுறது?"

"நான்தான்."

"நான் என்ன பூசுறனான்?"

"நீர் சீயாக்காய்."

"அப்ப வீட்டு விரதம் முறியேல்லை. உங்கடைதான் முறிஞ்சது. குசினிப் படி ஏறாதேங்கோ."

"பொறும், பொறும்! தேங்காயெண்ணெயிலையும் அந்த அமிலம் இருக்காம்."

"அப்ப உது சைவம்?"

"சுத்த சைவம்!"

"நல்லதாப் போச்சு. ஒருதற்றை விரதமும் முறியேல்லை. பிறகேன் மீன்?"

அவள் அகப்பையை மறுபடி கையில் எடுத்தாள்.

"மாடோ, தேங்காயோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

மீன் ஆசை யாரை விட்டது? "மாடு" என்றேன்.

அவள் கோடிக்குப் போய் மச்சச் சட்டியை எடுத்து வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விறாந்தையில் சப்பாணி கட்டிக் காத்திருந்தேன். மத்தியானம் சட்டி ஆவி பறக்க வந்தது.

"விரதம் முறிச்ச ஆளுக்குச் சைவச் சட்டியிலை குடுக்கேலாது," என்று முன்னால் வைத்தாள்.

மூடியைத் திறந்தேன். பூசணிக்காய்.