பக்க இணைப்பு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீடும் மொட்டைமாடியும் சுகம். அங்கு தாங்களும் தங்கள் வலது கண்ணும் சுகந்தானா? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டும் பிரித்தாயிற்று என்று கேள்விப்பட்டு மனம் குளிர்ந்தது. டாக்டர் சொன்னபடி பேப்பர், புத்தகம் என்று எதையும் கண்ணால் தொடாமல் இருக்கிறீர்கள்தானே? காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன், கண் விஷயத்தில் அலட்சியம் கூடாது.

நிற்க. இந்தக் கடிதத்தை நீங்கள் ஒருவரே தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். உங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் உங்கள் அக்காவுக்கு, அதாவது என் வீட்டு எஜமானிக்கு, இதில் ஓர் எழுத்துக்கூடத் தெரியக் கூடாது. போனிலேயே பேசியிருக்கலாமே என்பீர்கள். போனில் சார்ஜ் இல்லை. தெருமுனைச் சலூனில் செருகிவிட்டுப் பேசலாம் என்றால், அந்தச் சலூன்காரர் யாருடைய தாடையிலோ கத்தியை நிறுத்தி வைத்துவிட்டு நான் பேசுவதை வாய் பிளந்து கேட்கிறார். தாடைக்குச் சொந்தக்காரரும் கேட்கிறார். குடும்ப விஷயத்தை எப்படிப் பேசுவது?

போனில் ஏன் சார்ஜ் இல்லை என்று கேட்பீர்கள். வீட்டில் கரண்ட் இல்லை. கரண்ட் ஏன் இல்லை என்றால், எல்லாம் ஒரே ஒரு காலால் வந்தது. மின்சார பில்லில் 'நுகர்வோர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நுகர்வேர்' என்று அச்சடிக்கிறார்கள், மாப்பிள்ளை. துணைக்காலை விழுங்கிவிட்டார்கள். முகர்ந்து பார்க்க நான் என்ன வெட்டிவேரா? சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். அடுத்த பில்லும் வேராகவே வந்தது. மறுபடி திருத்தினேன். மறுபடி வேர். நேரில் போய்க் கேட்டால் கவுன்ட்டர் அம்மாள், "எங்களுக்கு நம்பர் சரியா இருந்தா போதும் சார்" என்கிறார். "எனக்கு எழுத்து சரியா இருக்கணும்" என்றேன். "அப்ப லைனை எடுத்துடச் சொல்லி எழுதிக் குடுங்க" என்றார். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருக்கிறார் என்பது இப்போது புரிகிறது. நான் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன், ஒரு பிழைகூட இல்லாமல். வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கள் அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். "சூரியன் இருக்கும்போது என்ன கவலை? எல்லாத்தையும் நானே பண்றேன், பாரு" என்றேன். அவள் பார்த்தாள். அந்தப் பார்வையை நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள், நான் விவரிக்க வேண்டியதில்லை.

முதலில் முறைப்படி ஒரு பெரிய கடைக்குத்தான் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, டை கட்டிய பையன். "உங்க லோடு என்ன சார்?" என்றான். "லோடெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, நானும் வீட்டம்மாவும்தான்" என்றேன். பாவம், சிரிப்பை அடக்கக் கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டான். எத்தனை விளக்கு, எத்தனை ஃபேன் என்பதைத்தான் லோடு என்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அவன் நீட்டிய விலைப்பட்டியலில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டை விற்றால் பேனல் வாங்கலாம், வாங்கிய பேனலை மாட்ட வீடு இருக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஏசியை இன்னும் கொஞ்சம் அனுபவித்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்படி வெளியே வந்தவனை வளைத்துப் பிடித்தவர்தான் அரைவிலை. பழைய சாமான் வியாபாரி; எதைக் கேட்டாலும் பாதி விலை என்பார், அதனால் அந்தப் பெயர். மூடிப்போன பெட்ரோல் பங்கின் கூரையிலிருந்து இறக்கிய பேனல் இரண்டு வைத்திருந்தார். ஒன்றில் மூலைக்கு மூலை கீறல். "கீறல் முகத்துலதான் சார், வேலை உள்ளே நடக்குது" என்றார். பேட்டரி இரண்டில் ஒன்றுக்கு வயிறு உப்பியிருந்தது. கேட்டால், "நல்லாச் சாப்பிட்டு வளர்ந்த பேட்டரி சார் அது" என்கிறார். காதில் பூச்சுற்றுகிறார் என்று தெரிகிறது, ஆனாலும் பாதி விலை என்ற சொல் காதில் விழுந்த பிறகு வேறெதுவும் விழவில்லை. பேட்டரியில் ஓடும் ஃபேன் ஒன்று, அதே மாதிரி பல்புகள், சார்ஜைக் கட்டுப்படுத்த ஒரு குட்டிப் பெட்டி, எல்லாவற்றையும் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நான் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடந்து வந்தேன்.

அந்தக் குட்டிப் பெட்டிக்குள் தமிழில் ஒரு விளக்கத்தாள் இருந்தது. மாப்பிள்ளை, தமிழா அது! ஒற்றெழுத்து என்ற ஒன்று இருப்பதே எழுதியவருக்குத் தெரியாது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 'பேட்டரிகளை பக்க இணைப்பில் இணைக்கவும்' என்ற வரியில் 'பேட்டரிகளைப்' என்று ஒரு 'ப்' போட்டு முடித்ததும் என்ன ஆனந்தம் தெரியுமா, வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்படி ஒரு நாள் எனக்கு வாய்க்கவே இல்லை. தாள் முழுக்கச் சிவந்துவிட்டது. எட்டிப் பார்த்த உங்கள் அக்கா, "திருத்தினது சரி, படிச்சீங்களா?" என்றாள். திருத்துவதும் படிப்பதும் வேறு வேறா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மாடிப்படிக்கு அடியிலிருந்த அலமாரியைக் காலி செய்து, இரண்டு பேட்டரிகளையும் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பக்க இணைப்பு ஆயிற்றா? அப்புறம், டார்ச் லைட்டில் போடுவது போல, ஒன்றின் பிளஸ்ஸை இன்னொன்றின் மைனஸோடு கம்பியால் கோத்தேன். சமையலறையிலிருந்து உங்கள் அக்கா குரல் கொடுத்தாள். "எந்த இணைப்புக் குடுத்திருக்கீங்க?" "பக்க இணைப்புதான்." "நிச்சயமாத் தெரியுமா? நான் வந்து ஒரு தடவை பார்க்கட்டுமா?" அங்கேதான், மாப்பிள்ளை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஆயுசு பூரா பக்கம் பார்த்தவன்கிட்ட வந்து பக்கத்தைப் பத்திக் கேக்கறியே. உன் எட்டாங்கிளாஸ் பாடத்தையெல்லாம் இங்க எடுக்காதே" என்றேன். பள்ளிக்கூடத்தில் அவள் அந்த எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துத்தான் இந்த வீட்டில் பாதிச் செங்கல் ஏறியது. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் சொன்னேன். 

திறப்பு விழா மத்தியானம். ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது பாருங்கள், அப்படி ஒரு ஃபேன் இந்தத் தெருவிலேயே கிடையாது. காலண்டர் ஆணியை விட்டுப் பறந்தது. பேப்பர் பறந்தது. நான் திருத்திய விளக்கத்தாளும் ஜன்னல் வழியாகப் பறந்து போய்ச் சாக்கடையில் விழுந்தது. பல்புகள் கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தன. நான் பெருமையில் தலைகால் புரியாமல் நின்றேன். அவள் ரேடியோவையும் நானே அந்தக் கம்பியில் சேர்த்து வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்களே, அந்த ரேடியோ. மத்தியானச் செய்தி அதில் கேட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். "வானிலை" என்றது. அதற்கு மேல் பேசவில்லை. பல்புகள் ஒவ்வொன்றாக 'டப்' 'டப்' என்று கண்ணை மூடின. ஃபேன் கருகல் வாடையோடு நின்றது. அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லிச் சமாளித்திருப்பேன். கீழே விழுந்த காலண்டரை எடுத்து மாட்டினாள். பேசாத ரேடியோவைத் துடைத்தாள். மறுநாள், "தம்பிக்குக் கண் ஆபரேஷன், சொட்டு மருந்து விட ஆள் வேண்டும்" என்று பெட்டியைக் கட்டினாள். பெட்டியில் புடவைகளுக்கு நடுவே அந்த ஊமை ரேடியோவையும் வைத்ததைப் பார்த்தேன். சொட்டு மருந்துக்கு ரேடியோ எதற்கு?

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விடிந்தால் மாடிக்கு ஓடுகிறேன், சூரியன் வந்தாரா என்று. வந்தால் பேனலைத் தூக்கி அவர் பக்கம் திருப்புகிறேன். திருப்பிவிட்டுக் கீழே இறங்கினால், அதற்குள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் வந்து பேனல் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. மறுபடி ஏறுகிறேன். தள்ளி வைக்கிறேன். மேகம் வருகிறது. மேகத்தோடு சண்டை போடுகிறேன், சத்தமாக. எதிர்வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். இத்தனையும் எதற்கு? ஏற்றிய கரண்டை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒரு பல்புகூட உயிரோடு இல்லை. ஆனாலும் ஓடுகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுகிறேன், தூங்குவதில்லை.

போன வாரம் அரைவிலையை இழுத்து வந்து காட்டினேன். அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "வச்சது பக்கத்துலதான் சார் வச்சிருக்கீங்க. ஆனா பக்க இணைப்புன்னா பக்கத்துல வைக்கறது இல்ல போலிருக்கே" என்றார். "பின்னே?" "அது ஏதோ பிளஸ், மைனஸ் சமாசாரம். எனக்கு வாங்க விக்கத்தான் தெரியும். படிச்சவங்களைக் கேளுங்க. உங்க வீட்லயே டீச்சரம்மா இருக்காங்களே, எங்க அவங்க?" நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, எனக்கு ஓர் உபகாரம் செய்ய வேண்டும. சாப்பிடும்போதோ மருந்து விடும்போதோ, பேச்சுவாக்கில், ஏதோ உங்களுக்கே தோன்றின மாதிரி, "அக்கா, பக்க இணைப்பு என்றால் என்ன?" என்று கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். நான் கேட்டதாகச் சொல்லிவிடாதீர்கள். பேட்டரி விஷயத்தில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை என்றும், வீடு பூராவும் வெளிச்சம் என்றும், அந்த நுகர்வேர் கும்பலிடம் இந்த ஜென்மத்தில் போய் நிற்க மாட்டேன் என்றும், அவள் அங்கே எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்றும் சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, தங்கள் இடது கண்ணுக்கு அடுத்த ஆபரேஷன் வராமல் இருக்க என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கடிதத்தை ஒட்டப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது, நீங்கள் எழுத்தைப் பார்க்கவே கூடாது, உங்களுக்கு வரும் கடிதத்தையெல்லாம் வேறொருவர்தான் படித்துக் காட்ட வேண்டும் என்பது. நினைவுக்கு வந்தது என்பதும் பொய். முதல் வரி எழுதும்போதே தெரியும். உனக்கு நேராக எழுதக் கை வரவில்லை, அதனால் உன் தம்பிக்கு எழுதினேன். வெளிச்சமும் இல்லை ஒன்றும் இல்லை. கவுன்ட்டரில் போய் நின்று லைனைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாளிலும் வேர்தான் இருந்தது; திருத்தாமல் அதன் கீழேயே கையெழுத்துப் போட்டேன். எட்டாங்கிளாஸ் என்று நான் சொன்னது தப்பு. பேட்டரி இரண்டும் நான் வைத்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, இணைப்புதான் சரியில்லை. கம்பியை நான் தொடவில்லை. வந்து நீ மாற்று. டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன். ரேடியோவையும் எடுத்து வா. மேலே 'வேண்டும' என்று ஓர் இடத்தில் புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறேன், இந்நேரம் நீ சிவப்புப் பேனாவைத் தேடியிருப்பாய். மாப்பிள்ளை, இந்தப் பின்குறிப்பை அவள் உங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினால் அவளுக்குப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். "அவ்வளவுதான், வேற ஒண்ணும் எழுதலை" என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டால், எனக்கு எடுங்கள்.