கட்டளை நிறைவேறியது

1989ஆம் ஆண்டு ஆடி மாதம், திருவண்ணாமலை வேங்கிக்கால் ரோட்டிலிருந்த கடலை விதை வழங்கும் அலுவலகத்துக்கு அரசு ஒரு கம்ப்யூட்டரை அருளியது. அதிகாரி சகாதேவன் அதற்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கினார். விதை கேட்டிருந்த எங்கள் கீழ்பென்னாத்தூர் விவசாயிகளின் பெயர்களெல்லாம் அதன் டிஸ்க்கில் ஏறின. காகித மனுக்கள் பழைய முறை என்று அன்றைக்கே கொளுத்தப்பட்டன.

நல்ல மழை பெய்த மறுநாள் டிஸ்க் மக்கர் செய்தது. ஆபரேட்டர் கைசர் ஜஹான் அதிகாரியிடம் போய் நின்றார்.

“சார், பேர் எதுவும் வரலைங்க. டிஸ்க்குக்கே நேரடியா கட்டளை அனுப்பிப் பார்த்தேன். தயாரில்லைனு பதில் வருது.”

“அரசாங்கக் கட்டளைக்குத் தயாரில்லையா? யார்கிட்டம்மா குடுத்து அனுப்பினே?”

“டிரைவர் வழியாதாங்க.”

சகாதேவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜீப் டிரைவர் மதார் சாகிப்புக்கு மெமோ பறந்தது: ‘தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட கட்டளையை டிஸ்க்கிடம் சேர்ப்பிக்கத் தவறியதற்காகத் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது?’

மதார் சாகிப் நேரிலேயே வந்து விளக்கம் சொன்னார். “அந்நேரம் உங்க மாமியாரம்மாவை ஆபீஸ் ஜீப்புல கிரிவலம் கூட்டிப் போயிருந்தேங்க. அதையே எழுதிக் குடுத்துடவா?”

மெமோ அங்கேயே கிழிக்கப்பட்டது.

“நான் சொன்னது அவரை இல்லைங்க சார்,” என்றார் கைசர் ஜஹான். “டிரைவர்னா கம்ப்யூட்டர் உள்ள இருக்கற புரோகிராம். நம்ம கட்டளையை டிஸ்க்குக்குக் கொண்டு போய், அது சொல்ற பதிலைத் திருப்பிக் கொண்டாரும்.”

“உள்ள இன்னொரு டிரைவரா? இந்த ஆபீசுக்கு அனுமதிச்ச பணியிடமே ஒண்ணுதான்மா!”

“டிஸ்க் கெட்டுப்போச்சுங்க. ரிப்பேருக்கு மெட்ராசுக்கு எழுதணும்.”

“எழுதினா கெட்டுப்போச்சுனு தெரிஞ்சிடும். திங்கட்கிழமை மேலதிகாரி பார்வையிட வர்றார். டிஸ்க் என்ன பதில் சொன்னாலும் திரையில தப்புனு வரக்கூடாது. முடியுமா?”

கைசர் ஜஹானுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எனவே முடிந்தது. அன்று முதல் டிஸ்க் எப்படி முனகினாலும், திரையில் ‘கட்டளை நிறைவேறியது’ என்றே இங்கிலீஷில் வந்தது. மதார் சாகிப் சந்தேகப்பட்டு டிஸ்க்கின் ஒயரையே பிடுங்கிப் பார்த்தார். அப்போதும் நிறைவேறியது.

எங்களுக்கு விதை வழங்கச் சொல்லியும் ஒரு கட்டளை போயிற்று. அதுவும் நிறைவேறியது.

எங்கள் ஊர் பாஞ்சாலை பஸ் பிடித்து ஓடிவந்தாள். “சார், உழுது போட்டு வெச்சிருக்கேன், ஈரம் காயுது. விதை எப்போங்க?”

“வாங்கிட்டீங்களேம்மா.”

“நானா? எப்போ?”

“கம்ப்யூட்டர் சொல்லுது. அது பொய் சொல்லுமா?”

குடோனில் மூட்டைகள் அடுக்கினது அடுக்கினபடியே இருந்தன. ஆனால், வழங்கப்பட்டுவிட்ட விதையை மறுபடி வழங்க விதியில்லை. பாஞ்சாலை கத்தினாள், மண்ணை வாரித் தூற்றினாள். சகாதேவன் பொறுமையாக எடுத்துச் சொன்னார். “கிடைக்கலைனு சொன்னா உங்க பேர்ல தப்பு ஏறிடும். தப்பு ஏறினவங்களுக்கு அடுத்த வருஷமும் விதை கிடையாது.”

திங்கட்கிழமை மேலதிகாரி வந்தார். திரையைப் பார்த்துப் பூரித்தார். தப்பே காட்டாத இந்த ஏற்பாட்டை எல்லா ஜில்லாவுக்கும் பரிந்துரைப்பதாக அறிவித்தார். பிறகு, விதைக்காக வந்து நின்ற எங்கள் கூட்டத்தில் பாஞ்சாலையிடம் கனிவோடு கேட்டார்:

“விதை முளைச்சுதாம்மா?”

அவள் சகாதேவனைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

“அமோகமா முளைச்சுதுங்க,” என்றாள். “முழங்கால் உசரம்.”

எல்லாரும் கைதட்டினோம். வெறும் கோணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டியதால் சத்தம்தான் கொஞ்சம் கம்மி.