டெல்பர்ட் வாங்கிய காவல் துப்பாக்கி

“வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டுப் போயிருக்கான், நீ காராமணி உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க!”

இதை டெல்பர்ட் கூன்ட்ஸ் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னார். திங்களன்று காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். செவ்வாயன்று பல் துலக்கும்போது வாய் நிறைய நுரையோடு சொன்னார்.

“உரிக்காம வச்சா அதுவா உரிஞ்சுக்குமா?” என்றாள் மனைவி நாடீன். “சரி, என்ன போச்சுன்னு இன்னொரு தடவ சொல்லு.”

“நீலக் கண்ணாடிப் பாத்திரம்!”

“டிவி?”

“இருக்கு.”

“என் மோதிரம்?”

“இருக்கு.”

“உன் தூண்டில் எல்லாம்?”

“ஒண்ணையும் தொடல.”

“ச்சே,” என்றாள் நாடீன். “அதையாவது தூக்கிட்டுப் போயிருக்கலாம்.”

நடந்தது இவ்வளவுதான். ஞாயிறு காலை இருவரும் தேவாலயத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், சமையலறையின் பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. தரையில் சேறு பூசிய பூட்ஸ் தடம். மேடைமேல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தைக் காணோம். டெல்பர்ட் ஒரு வாணலியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினார். படுக்கையறைக்கு மட்டும் நாடீனை முன்னால் போகச் சொன்னார்.

அன்றைக்கு அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்த நாடீன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு எதையோ யோசித்து மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் திறந்த வாயை எதுவும் சொல்லாமல் மூடியது அதுதான் முதல் தடவை. டெல்பர்ட் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். உஷாராகிற ஆண்பிள்ளைகளை வைத்து யாரும் கதை எழுதுவதில்லை.

அவர் கவலைக்கும் ஒரு நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமை, கேலி என்ற அவர்களுடைய மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள். குழந்தைக்கு வில்லா என்று பேர். தொட்டில், சுவர்க் காகிதம், வாத்துப் படம் போட்ட திரை என்று அவர்கள் படுக்கையறைக்கு அடுத்த அறை தயாராக இருந்தது. பேத்தி தூங்குகிற வீட்டில் திருடன் நடமாடுவதா? டெக்ஸாஸில் பிறக்கவில்லை என்றாலும், டெக்ஸாஸில் பெண்ணெடுத்து, டெக்ஸாஸ்காரர்களுக்கு மெத்தை விற்றுத் தலை நரைத்தவர் டெல்பர்ட். ஊருக்கே தூக்கம் விற்றவருக்கு மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை.

“துப்பாக்கி வாங்கப் போறேன்,” என்று புதன்கிழமை அறிவித்தார்.

நாடீன் காராமணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “வீட்டுல துப்பாக்கி எதுக்குன்னு வருஷா வருஷம் கேட்டது நீதான?”

“அது அப்ப.”

“சரி. வா, போலாம்.”

சண்டைக்கு ஆயத்தமாக நின்றவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அதற்குள் அவள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள்.

துப்பாக்கிக் கடை ரஸ்டி, மீசைக்குப் பின்னால் ஒரு மனிதன். டெல்பர்ட்டைப் பார்த்ததும் அவன் கண் பண்டிகை நாள்போல மின்னியது.

“தலைவரே, இதப் பிடிங்க.” ஒரு ரிவால்வரை நீட்டினான். கறிக்கடைக் கத்தியைவிடக் கனம். “கரடியே வந்தாலும் அங்கயே படுத்துரும்.”

“நம்ம ஊருல கரடி ஏது?” என்றாள் நாடீன்.

“வந்தா?”

“வந்தா அதுவும் ஒரு பாத்திரத்த எடுத்துட்டுப் போகட்டும்.”

டெல்பர்ட் அவளைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி அலமாரிக்குள் ராணுவத்தான் தோளில் தொங்குவது மாதிரி ஒரு கறுப்பு ரைஃபிள் இருந்தது. சுவர் முழுக்கத் தோட்டாப் பெட்டிகள். ஒன்றில் மின்னல் படம், ஒன்றில் பல்லைக் காட்டும் ஓநாய். மிட்டாய்க் கடையில் விட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

“ஓநாய் போட்டது நல்லதா, மின்னல் போட்டது நல்லதா?”

“ரெண்டும் எடுத்துக்கங்க தலைவரே.”

“ஒரே ஒரு சந்தேகம்,” என்றாள் நாடீன். “இதச் சுட்டா குண்டு எங்க போய் நிக்கும்?”

“திருடன் மேலதான்.”

“அவன் மேல படலைன்னா?”

ரஸ்டி அலமாரிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க அதில் அழுக்கே இல்லை.

கடைக்குப் பின்னால், உயரமான மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுப் பழக இடம் உண்டு. மறுநாள் நாடீன் தன் வண்டியின் பின்பக்கத்தில் என்னென்னவோ ஏற்றிக்கொண்டு வந்தாள். குழந்தை அறையைச் சீர் செய்தபோது மிஞ்சிய ஜிப்சம் பலகைகள். தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் பால்குடம் இரண்டு. பலகைகளை ஜோடி சேர்த்து நிறுத்தினாள். முன்னால் காகிதத்தில் ஒரு திருடனை வரைந்து மாட்டினாள். திருடனுக்கு டெல்பர்ட்டின் மூக்கு.

“இது நம்ம படுக்கையறைச் சுவரு,” என்றாள். “நம்ம வீட்டுச் சுவருல உள்ள இருக்கறது இதேதான், ரெண்டு பலகை, நடுவுல காத்து. அதுக்கு அந்தப் பக்கம் இது.”

ஒரு பால்குடத்தைப் பலகைக்குப் பின்னால் வைத்தாள். அதன் தலையில் ஒரு மஞ்சள் குல்லாயை மாட்டினாள். வில்லாவுக்காக அவளே பின்னியது.

“குல்லாய எடு, நாடீன்.”

“எதுக்கு? நீ திருடனத்தான சுடப்போற.”

டெல்பர்ட் காதில் அடைப்பானை மாட்டினார். ரிவால்வரை இரண்டு கையாலும் பிடித்தார். மூச்சைப் பிடித்தார். சுட்டார். கை வானத்துக்குப் போனது. உடம்பு பூமிக்கு வந்தது. ஆயுள் முழுக்க மெத்தை விற்றவர், மெத்தை இல்லாத இடமாகப் பார்த்து விழுந்தார்.

எழுந்து பார்த்தார். காகிதத் திருடன் ஒரு கீறல்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் காதுக்குப் பக்கத்தில் பலகையில் ஒரு ஓட்டை. அடுத்த பலகையிலும் ஓட்டை. அதற்கப்பால் பால்குடம் வெடித்துச் சிதறி, மண் எல்லாம் ஈரம். குல்லாய் தள்ளிப் போய்ச் சேற்றில் கிடந்தது.

 

டெல்பர்ட் நடந்து போய்க் குல்லாயை எடுத்தார். சட்டையில் துடைத்தார். சேறு போகவில்லை. திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“அந்த ரைஃபிள்?” என்றார், சன்னமாக.

“அதுவும் இப்படித்தான் போகும் தலைவரே,” என்றான் ரஸ்டி, மீசைக்குள்ளிருந்து. முதல்முறையாக விற்பனைக் குரல் இல்லை.

நாடீன் உள்ளே போய் ஒரு ஒல்லியான இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வந்தாள். இரண்டு தோட்டாவைப் போட்டு, டக்கென்று மூடி, தோளில் வைத்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல அது அவள் தோளில் உட்கார்ந்தது. டமார். காகிதத் திருடனுக்கு நெஞ்சு இல்லை.

பின்னால் போய்ப் பார்த்தார்கள். முதல் பலகை கந்தல். இரண்டாவதில் அம்மைத் தழும்பு மாதிரி பொடி ஓட்டைகள். அவள் புதிதாக வைத்த பால்குடத்தில் ஊசி குத்தினாற்போல ஒன்றிரண்டு இடத்தில் தண்ணீர் கசிந்தது.

“இதுவும் தாண்டத்தான செய்யுது!”

“தாண்டாத தோட்டாவே கிடையாது, டெல்பர்ட். இது பொடி ரவை, இருக்கறதுலயே சாது. அதனாலதான் தொட்டில அந்த ரூம்ல வைக்கக்கூடாது. கல்லுல கட்டின கணப்படுப்புக்கு அந்தப் பக்கம் கேலியயும் குழந்தையயும் படுக்க வைப்போம். கதவுக்குப் பூட்டுப் போடுவோம், அத நாம இதுவர செஞ்சதே இல்ல. சத்தம் கேட்டா நீ வாணலியத் தூக்கிட்டுத் தேடிப் போகாத. எல்லாரும் ஒரே ரூம்ல கூடி, கதவச் சாத்திக்கிட்டு, போலீசக் கூப்பிடணும். துப்பாக்கி கடைசிக்குத்தான். கதவ உடைச்சுட்டு உள்ள வந்தா மட்டும்.”

“இந்தத் தோட்டாவ எதுக்கு விப்பாங்க? பெட்டியில புறா படம் போட்டிருக்கே?”

“ஓநாய் படம் போட்டதுல ஓநாயா இருந்துச்சு?”

நியாயமாகத்தான் பட்டது.

“மேடம், போன செப்டம்பர்ல வந்து தோள்ல வச்சு வச்சுப் பாத்தீங்களே, அதே…” என்று ரஸ்டி ஆரம்பித்தான்.

“உறையில போடு, ரஸ்டி.”

டெல்பர்ட்டுக்கு அது காதில் விழவில்லை. அவர் இன்னும் குல்லாயைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். கார்டை நீட்டி, கூடவே நம்பர்ப் பூட்டு வைத்த இரும்புப் பெட்டியையும் வாங்கினார். நம்பரை நாடீன் வைத்தாள். “குழந்த இருக்கற வீடு,” என்றாள். அவரும் பலமாகத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை கேலி வந்தாள். வில்லா கல் கணப்படுப்புக்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். விழுந்ததில் தோளில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றலோடு, தாத்தாவும் ஒருவழியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை விடிந்தது. டெல்பர்ட் பின்கதவைத் திறந்து, குளிர்ந்த காற்றில் நின்று காப்பி குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் சாத்தாமல் உள்ளே வந்தார். தட்டாமல் கொள்ளாமல் யாரோ சமையலறைக்குள் நுழையும் சத்தம். தரையில் சேற்று பூட்ஸ்.

பக்கத்துப் பண்ணைக்காரி ஓபல். உடம்பெல்லாம் இலைதழை அச்சடித்த பச்சை உடுப்பு. கையில் நீலக் கண்ணாடிப் பாத்திரம். அதில் சுடச்சுடப் பீச் பழப் பணியாரம்.

“நாடீன் எங்க? நேரமாச்சு.”

டெல்பர்ட் பாத்திரத்தைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். மறுபடி பாத்திரத்தைப் பார்த்தார்.

“ஓபல், இது… இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?”

“என்னப்பா கேள்வி இது? என் பாத்திரம். உனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனப்ப கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்டுக் கொண்டாந்தேன்ல? ஒம்போது வீட்டுச் சோத்த மொத்தமா முழுங்கினா எது யாரு பாத்திரம்னு எங்க தெரியும்! கழுவி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கோன்னு நாடீன்தான் சொன்னா. கதவு சரியாச் சாத்தல போலருக்கே, நாய் ஏதும் வரலியே?”

நாடீன் உள்ளிருந்து வந்தாள். தோட்டாக்கள் செருகிய மேல்சட்டை. வளைந்த கையில் மடித்த இரட்டைக் குழல். இன்று செப்டம்பர் முதல் தேதி, புறா வேட்டை தொடங்கும் நாள் என்று டெக்ஸாஸில் மெத்தைக்காரரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

“உனக்கு அன்னைக்கே தெரியுமா?”

“பூட்ஸப் பாத்ததும் தெரியும்.”

“பாவி! மூணு ராத்திரி தூங்கல நான்!”

“எங்கப்பா குடுத்த துப்பாக்கிய வித்து உன் கடைக்கு மொத லோடு மெத்தை எறக்கினோமே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் இருபத்தஞ்சு செப்டம்பர் நான் தூங்கல.”

டெல்பர்ட் கோபப்படப் பார்த்தார். வரவில்லை. திருடன் இல்லை. எப்போதுமே இல்லை. உள்ளே வில்லா விக்கலெடுத்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது.  நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கரண்டி பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டு பெண்களும் வண்டியில் ஏறினார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடினார்.

“நாடீன்! அந்தப் பெட்டியோட நம்பரையாவது சொல்லிட்டுப் போயேன்!”

வண்டி கிளப்பிய தூசி மெதுவாக வந்து பணியாரத்தின்மேல் படிந்தது.