சித்தப்பா முகத்துக்கு மூன்று கோட்

அன்பும் மரியாதையும் கலந்து சித்திக்கு,

நீங்கள் ‘புத்தகப்புழு’ என்று பட்டம் சூட்டிய பெண் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்கே வெட்கமான இடம் வந்தாலும் தாண்டிப் போக மாட்டேன். இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் உடம்பும் விடுதி அறையும் மாத்திரைக் கம்பெனி வேலையும் சுகம் என்று நம்புகிறேன். சித்தப்பாவும் சுகம் என்று எழுதத்தான் வந்தேன். ஆனால் உண்மை எழுதுவதாக இப்போதுதான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே, முகம் நீங்கலாக சித்தப்பா சுகம்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் “சித்தி, ஒரு விஷயம்” என்று ஆரம்பித்தாலே சித்தப்பா பிடுங்கிக்கொள்கிறார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. லீவில் இங்கே வந்திருக்கும் உங்கள் விடுதிப் பக்கத்துக் கட்டில் அக்கா நாளைக் காலை அங்கே திரும்புகிறார். உறையை ஒட்டி அவர் கையில் கொடுத்துவிடுவேன். இன்னொரு வருஷம் அங்கேயே இருப்பதாக நீங்கள் கம்பெனியில் கையெழுத்துப் போடுவதற்குள் இது உங்கள் கண்ணில் பட வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

ஆரம்பம் நீங்கள் வீடியோவில் சொன்ன ஒரு வார்த்தை. கோபப்படாதீர்கள், சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னீர்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். “என்னங்க, முகமெல்லாம் பரு? நான் இந்தப் பக்கம் வந்ததும் உங்களுக்கு வயசு குறைஞ்சு பள்ளிக்கூடப் பையன் ஆயிட்டீங்களா?” என்று கேட்டீர்கள். சித்தப்பாவும் சிரித்தார். போனை வைத்த பிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றவர் வெகுநேரம் வரவில்லை. அப்பா கதவைத் தட்டி, “டேய், உள்ள குடி இருக்கியா?” என்று கத்தினார். சித்தப்பா செல்போன் டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் கதவில் டென்ட், நசுங்கல் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். நேராக வெளிச்சம் அடித்தால் பள்ளம் மேடு தெரியாது, சாய்த்து அடித்தால் தப்பிக்க முடியாது. “தாடை முழுக்கப் புடைப்பு, வாத்தியாரம்மா” என்றார் என்னிடம் (அவர் எனக்கு வைத்த பட்டம் அது). “பெயிண்ட் அடிக்கறப்ப நாள் பூரா மாஸ்க் போட்டிருக்கேன்ல, உள்ள வேர்த்து வேர்த்து இப்படி ஆயிடுச்சு. உன் சித்தி லீவுல வர்றதுக்குள்ள சரி பண்ணிடணும்” என்றார். டெலிவரி தேதி குறித்துவிட்ட மாதிரி இருந்தது அவர் பேச்சு.

மறுநாள் மூன்று சாமான்கள் வாங்கி வந்தார். முகம் கழுவுகிற ஜெல் ஒன்று, பஞ்சில் நனைத்துத் துடைக்கிற தண்ணீர் ஒன்று, சொட்டுச் சொட்டாக விடுகிற சீரம் ஒன்று. மூன்றிலும் சாலிசிலிக் ஆசிட். நான் பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். இது எண்ணெயில் கரையும் அமிலமாம், அதனால் எண்ணெய் அடைத்துக்கொண்ட தோல் துளைக்குள் இறங்கி, உள்ளே ஒட்டிக்கிடக்கும் செத்த தோலைத் தளர்த்தி வெளியே கொண்டுவருமாம். சவரம் செய்த இடத்தில் முடி உள்ளுக்குள் வளைந்து புடைப்பதற்கும் நல்லதாம். நல்ல மருந்துதான், சித்தி. மருந்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு ‘ஆசிட்’ என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது. மூன்றையும் இடுக்கியால் பிடித்துத் தூக்கிக் கொண்டுபோய், கழிவறை கழுவுகிற ஆசிட் பக்கத்தில் வைத்துவிட்டார். சித்தப்பா தேடிக் கண்டுபிடித்து எடுத்து வந்தபோது அப்பா, “தரைக்கு ஊத்தறதை மூஞ்சிக்கு ஊத்தறான், இவனுக்குத்தான் பள்ளிக்கூடத்துல நான் ஃபீஸ் கட்டினேன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பெட்டிக்குள் இருந்த தாளை நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூன்றையும் ஒன்றாகப் போடக் கூடாது, வாரத்தில் இரண்டு மூன்று முறை போதும், முதலில் கொஞ்சமாக ஓர் இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும், வெயிலில் போனால் சன்ஸ்க்ரீன் வேண்டும் என்றெல்லாம் இருந்தது. சித்தப்பா கேட்டுவிட்டு, “கம்பெனிக்காரன் பயந்துகிட்டு அப்படித்தான் எழுதுவான். தின்னர் டப்பாவுலகூட ஜாக்கிரதைன்னு எழுதியிருக்கு, நான் அதுலதான் தினமும் கை கழுவறேன்” என்றார். பிறகு மாஸ்கிங் டேப்பை எடுத்தார்.

சித்தி, இந்த இடத்தில்தான் எனக்கு வெட்கம். ஏனென்றால் டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தது நான். இரண்டு புருவத்துக்கும் டேப், மீசைக்கு டேப், கழுத்தைச் சுற்றிச் செய்தித்தாள். “புருவத்துக்கு எதுக்கு சித்தப்பா?” என்றேன். “ஹெட்லைட்டை மறைக்காம எவனாவது பெயிண்ட் அடிப்பானா?” என்றார். “கண்தானே ஹெட்லைட்?” என்றேன். “அப்ப இது ஹெட்லைட்டுக்கு மேல இருக்கற பட்டின்னு வச்சுக்க. கேள்வியக் குறைச்சுட்டு டார்ச்சைச் சாய்ச்சுப் பிடி” என்றார். ஜெல்லால் கழுவினார், பஞ்சால் துடைத்தார், சீரம் தடவினார். மூன்று கோட். காலையில் மூன்று, ராத்திரி மூன்று. டேப்பை உரித்தபோது இடது புருவத்தில் பாதி டேப்போடு போய்விட்டது. சித்தப்பா டேப்பையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பழைய பெயிண்ட் சரியா பிடிக்கலை போல” என்றார்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். தோல் எரிந்தது. எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று இன்னும் தடவினார். சவரம் செய்த கையோடு தடவியபோது போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, “ஏதாவது விழுந்துடுச்சா?” என்று கேட்டார். மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து, வெயிலில் நின்ற பழைய வண்டியின் மேல்பூச்சு மாதிரி உரிய ஆரம்பித்தது. பட்டறை முதலாளி பார்த்துவிட்டு, “வண்டியை உரிக்கச் சொன்னா நீ உன்னையே உரிச்சுக்கிட்டு வந்து நிக்கறியேப்பா” என்றாராம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டாராம். சித்தப்பா பட்டறை மாஸ்க்கை வீட்டுக்கே கொண்டுவந்து, சாப்பிடும்போதுகூடக் கழுத்து வரைதான் இறக்கினார். “தம்பி, நாங்க என்ன வேத்து மனுஷங்களா?” என்று அம்மா கேட்டார். அவர் தட்டோடு அறைக்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்துதான் உங்களோடு பேசும்போது லைட்டை அணைக்கத் தொடங்கினார். உங்களிடம் கரண்ட் இல்லை என்றார். அப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் பல்பு போயிடுச்சு என்றார். அதற்கு அடுத்த நாள் கண் வலி, வெளிச்சம் ஆகலை என்றார். அப்பா கூடத்திலிருந்து, “எவன்டா இருட்டுல உக்காந்து பொண்டாட்டிகிட்டப் பேசறது, லைட்டைப் போடு” என்று கத்தியது உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்களும் முன்போல் பேசுவதில்லை. போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு ஜன்னல் திரையைத்தான் காட்டுகிறீர்கள், உங்கள் முடியின் ஓரம் மட்டும் தெரிகிறது. கோபத்தில்தான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். கோபம் நியாயம்தான்.

போன ஞாயிறு சாயங்காலம் நீங்கள், “இன்னும் ஒரு வருஷம் இருக்கியான்னு கேக்கறாங்க. கையெழுத்துப் போட்டுடவா?” என்று கேட்டீர்கள். சித்தப்பா, “உன் இஷ்டம்” என்றார். “என்னைப் பார்க்கணும்னே தோணலையா உங்களுக்கு?” என்றீர்கள். அவர் மூக்கோரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நீங்கள் வைத்துவிட்டீர்கள். அந்த இரண்டு வார்த்தையும் உங்களுக்கு இருட்டிலிருந்து வந்திருக்கும், சித்தி. நான் அறைக்குள்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது. இஷ்டம் என்று சொல்கிற முகம் இல்லை அது. உரிந்த தோலோடும் பாதிப் புருவத்தோடும், அணைந்த போனைப் பார்த்தபடியே இருந்தார்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் அவரை மருந்துக்கடைக்கு இழுத்துப் போனேன். கடை அக்கா மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். பார்த்ததும், “எத்தனை நாளா போடறீங்க?” என்று கேட்கவில்லை, “யார் மேல கோபம்?” என்று கேட்டார். மூன்றையும் நிறுத்தச் சொன்னார். வாசனை இல்லாத சாதாரண ஈரப்பதக் கிரீம் மட்டும் போடட்டும், ஆறினதும் சீரம் ஒன்றை மட்டும் வாரத்தில் இரண்டு நாள், சவரம் செய்யாத ராத்திரியில், மெல்லிசாக. ஆறாவிட்டால் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சித்தப்பா தலையாட்டிக்கொண்டே வெளியே வந்து, தெரு முனையில் நின்றுவிட்டார். “வாத்தியாரம்மா, ஒரு கோட் காயறதுக்கு முன்னாடி அடுத்த கோட் அடிச்சா என்ன ஆகும்?” என்றார். “சுருங்கிப் பொரிஞ்சு வரும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க.” “பட்டறையில எவனாவது அப்படிப் பண்ணா அன்னிக்கே அனுப்பிடுவேன்” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “என்னை யாரும் அனுப்பலை பாரு” என்றார்.

அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சித்தப்பாவின் வேலையில் பாராட்டு என்றால் ஒன்றுதான்: ‘இந்த வண்டி அடிபட்டதே தெரியலையே!’ அடிபட்டது தெரிந்தால் வேலை கெட்டது என்று அர்த்தம். வேலை முடியாத வண்டியை வாடிக்கையாளருக்குக் காட்டவே மாட்டார், தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார். உங்கள் முன்னால் அணைத்த லைட்டும் அப்படி ஒரு தார்ப்பாய்தான் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் வாடிக்கையாளர் இல்லையே. நானும் காய்ச்சல் வந்தால் முகம் வீங்கி ஆந்தை மாதிரி இருப்பேன், அம்மா அதைப் பார்த்துத்தான் கஞ்சி வைக்கிறார். பார்க்கவிடாமல் மூடிக்கொண்டால் கஞ்சி எங்கிருந்து வரும்? இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். “நீ சின்னப் பொண்ணு, உனக்குப் புரியாது” என்றார். அப்படிச் சொன்னால் எனக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது உரிவது நின்றிருக்கிறது. மூக்கோரம் மட்டும் கொஞ்சம் சிவப்பு. பருவில் பாதி அங்கேயே இருக்கிறது. புருவம் பாதி மௌனமாக வளர்கிறது. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: இதைப் படித்ததும் வீடியோவில் கூப்பிட்டு, லைட் போட்டால்தான் பேசுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முகத்தைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். பார்க்காமல் மட்டும் போட வேண்டாம்.

அம்மாவின் அன்பும், அப்பாவின் ஆசியும் (சுவரைப் பார்த்தே சொன்னார், ஆனால் உங்களுக்குத்தான்), நீங்கள் எல்லா நலமும் பெற்றுச் சீக்கிரம் வீடு வர வேண்டும் என்ற என் வேண்டுதலும் இந்த உறைக்குள் சேர்ந்தே வருகின்றன.

இப்படிக்கு,
உங்கள் புத்தகப்புழு

பின்குறிப்பு: மேலே உள்ளது எல்லாம் இனி தேவையே இல்லை. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் அழைப்பு வந்தது. சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு போனார், கொஞ்சம் நின்றார், தானே லைட்டைப் போட்டார். “இந்தா, பார்த்துக்க. சிரிக்கணும்னா சிரிச்சுடு” என்றார். எட்டிப் பார்த்தேன், உங்கள் பக்கம்தான் ஒரே இருட்டு. “உன் ரூம்ல லைட் எங்க?” என்று அவர் கேட்க, “கரண்ட் இல்லைங்க” என்றீர்கள். எங்கள் வீட்டில் போன அதே கரண்ட். மின்விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்டது. அப்புறம்தான் சொன்னீர்கள், கம்பெனியில் நாள் பூரா மாஸ்க் போட்டுத் தாடையெல்லாம் பரு என்று, அதே மருந்தை வாங்கித் தினமும் இரண்டு வேளை போட்டீர்கள் என்று, உரிகிறது என்று. அவ்வளவு நாள் ஜன்னல் திரையைக் காட்டியது கோபத்தில் இல்லையா? நான் எழுதியதில் அந்த ஒரு வரி தப்பு, மன்னித்துவிடுங்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதற்காகத்தான் கிழிக்காமல் அனுப்புகிறேன். “லைட் போட வெக்கமா இருக்கு, இன்னிக்கு வேண்டாமே” என்று நீங்கள் சொன்னதும், சித்தப்பா சிரித்துக்கொண்டே என்னைக் கதவுப் பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போடாதே. வா” என்று உங்களிடம் சொன்னது வாசல் வரை கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுந்து, சுவிட்சில் கை வைத்தபடி, “நீ மட்டும் எதுக்கு இருட்டுல உக்காந்திருக்கணும்?” என்றார்.

லைட் அணைந்தது.