சி. டார்ப்ளி ஆம்பளையே இல்லை

சிகாகோ, தெற்குப் பக்கம்,
செவ்வாய்க்கிழமை.

இசைக் கலைஞர் ஹாலிஸ் டுவர்னே எந்தப் பாட்டை எந்தத் தேதியில் யார் யாரோடு பதிவு செய்தார் என்ற முழுப் பட்டியலையும் கட்டிக் காக்கிறவரும், 'டுவர்னே மடல்' ஆசிரியருமான மதிப்பிற்குரிய மிஸ்டர் லாம்பர்ட் அவர்களுக்கு, ரசிகன் ஜமாரி விட்லோ, வயது இருபத்திரண்டு, வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள் நலமாகவும் உங்கள் முதுகுவலி நலமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

ஐயா, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐம்பத்தைந்து வருஷமாக நாம எல்லாரும் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடின பேஸ் கிதார் மேதை சி. டார்ப்ளி ஒரு ஆம்பளையே கிடையாது, அது அவரோட சம்சாரம்!

வெள்ளிக்கிழமை ஹாலிஸின் பதினோரு பாட்டும் அடங்கிய இசைத்தட்டுப் பெட்டியோடு வருகிற புத்தகம் அச்சுக்குப் போகிறது. பெயர்களையெல்லாம் உங்கள் பட்டியலில் இருந்துதான் எடுக்கிறார்கள் என்று போன மடலில் நீங்களே எழுதியிருந்தீர்கள். அதனால் வியாழக்கிழமைக்குள் நீங்கள் பெயரை மாற்றியே ஆகணும். நான் எந்த இசைக் கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை, போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன், ஆனாலும் இந்த விஷயத்தில் நான் சொல்வதுதான் கடைசி வார்த்தை. நடந்ததைக் கேளுங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு சர்ச்சில் டீக்கனாக ஊழியம் செய்கிற கிளியோஃபஸ் டார்ப்ளி வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் என்பது உங்களுக்கே தெரியும், 'பஸ் ஓட்டிய மேதை' என்று அட்டைப்படம் போட்டதே நீங்கள்தானே. என் இணையப் பக்கத்தில் பேட்டியை நேரலையாகப் போட்டேன், நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கன் ஆராதனைக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல், சுவரில் மாட்டியிருந்த பேட்டைச் சங்கத்துக் கேடயத்துக்குக் கீழே ராஜா மாதிரி உட்கார்ந்தார். முதல் கேள்வி கேட்டேன்.

"டீக்கன், உங்க கிதார்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கம்பி எது?"

"ஆறுமே எனக்குப் பிள்ளைங்க மாதிரி, தம்பி."

சமையலறையில் இருந்து ஒரு குரல் வந்தது. "நாலு!"

"என்னம்மா?"

"பேஸுக்குக் கம்பி நாலு, கிளியோஃபஸ். உனக்குப் பிள்ளைங்களும் நாலுதான். ரெண்டையும் மறந்துட்டியா?"

நான் சமாளித்து, கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்று மூலையில் இருந்த கிதாரை எடுத்து நீட்டினேன். அதைத் தொட மனுஷர் பயந்த பயத்தைப் பார்க்கணுமே! சமையலறைப் பக்கம் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாங்கினார், வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். அவ்வளவுதான், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெறி பிடித்துவிட்டது. 'இடது கை! இதுதான் அந்த ஒலியோட ரகசியம்!' என்று ஹாலந்தில் இருந்து ஒருத்தர் எழுதினார். மெம்ஃபிஸில் ஒருத்தர் தன் கிதார் கம்பியையெல்லாம் கழற்றி மாற்றிப் போட ஆரம்பித்துவிட்டார். நானும், மறைப்பானேன், அந்தச் சூட்டில் உங்கள் பட்டியலுக்கு 'இடது கைக்காரர்' என்று ஒரு திருத்தம் அனுப்பிவிட்டேன். அதை முதலில் அழித்துவிடுங்கள்.

அப்போதுதான் சமையலறையில் இருந்து அவர் சம்சாரம் மிஸ் லவேடா வந்தார் (எங்கள் பேட்டையில் கல்யாணமான மூத்தவர்களையும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம்). கையில் பீச் பழப் பாகு வழிகிற கரண்டி. கரண்டியை என்னிடம் கொடுத்து, கையை ஏப்ரனில் துடைத்து, புருஷன் மடியில் இருந்து கிதாரை எடுத்து, நின்றபடியே முதல் பாட்டின் பேஸை ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். ஐயா, என்னை மறந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். கரண்டியில் இருந்தது போன் மேல ஒழுகுறது கூடத் தெரியல. மீதி நேரலை முழுக்க ஆரஞ்சு நிறத்துலதான் போச்சு.

"மிஸ் லவேடா, அப்ப சி. டார்ப்ளிங்கறது..."

"சர்ச்சுல என்னை யாருப்பா லவேடான்னு கூப்பிட்டா? கல்யாணமானவளுக்குப் புருஷன் பேர்தான், மிஸஸ் கிளியோஃபஸ் டார்ப்ளி. பாடகர் குழுப் பட்டியல்லயும் அதுதான், பன்னு சுடுறவங்க பட்டியல்லயும் அதுதான். ஹாலிஸ் நான் வாசிச்சதைச் சர்ச்சுல கேட்டுட்டுத்தானே ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனார்? அங்க இருந்த பொண்ணும் பதிவுத் தாள்ல மிஸஸ் சி. டார்ப்ளின்னுதான் எழுதுனா. பின்னால டைப் அடிச்சவனுக்கு அந்த மிஸஸ் உறுத்தியிருக்கு, எடுத்துட்டான்."

பைபிளுக்குள் இருந்து அந்தத் தாள்களின் கார்பன் நகலை எடுத்துக் காட்டினார். படம் இணைத்திருக்கிறேன். பத்துப் பாட்டுக்குத் தாள் இருக்கிறது, 'மிஸஸ்' பளிச்சென்று இருக்கிறது.

டீக்கன் குன்றிப் போனார். "கர்த்தர் மன்னிக்கணும், தம்பி. யாரோ லெட்டர் போட்டாங்க, நீங்க மேதைன்னு. கவர் மேல என் பேர்தான் இருந்துச்சு. பதில் போடலைன்னா மரியாதை இல்லையேன்னு போட்டேன். அப்புறம் லைப்ரரியில பேசக் கூப்பிட்டாங்க. ஆனா ஒரே ஒரு பாட்டு மட்டும்..."

"வாயை மூடு, கிளியோஃபஸ்."

டீக்கன் என்னிடமிருந்து கரண்டியை வாங்கிக் கழுவப் போனார்.

வாசல் வரை வந்து மிஸ் லவேடா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு எண்பது ஆகுது, ராசா. நான் போனப்புறம் சர்ச்சுல நல்லாத்தான் பேசுவாங்க, அது எனக்குக் கேக்காது. அந்தப் புத்தகத்தை நான் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்து படிக்கணும். என் பேரை. அவன் பேரை இல்ல."

பதினொன்றாவது பாட்டுக்கு மட்டும் தாள் கிடைக்கவில்லை. தேவையும் இல்லை. 1970 மார்ச் பதினான்காம் தேதிப் பதிவு, நாலு நிமிஷமும் பேஸில் ஒரே சுரம், டும் டும் டும் டும், அசையவே அசையாது. பேராசிரியர்கள் புத்தகம் புத்தகமாக எழுதிய அந்த ஒற்றைச் சுரம்! இவ்வளவு அடக்கம் எந்த ஆம்பளைக்காவது வருமா? இது மிஸ் லவேடாதான். என் காதை அடகு வைத்துச் சொல்கிறேன். பதினோரு இடத்திலும் லவேடா டார்ப்ளி என்று போடுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கும், என் மேல் எப்போதும் குரைக்கிற உங்கள் நாய்க்கும் என் அன்பு. உங்கள் பட்டியல் நீண்டு வளரட்டும், பிழைகள் குறைந்து தேயட்டும்.

உண்மையுள்ள,
ஜமாரி

பின்குறிப்பு: ஐயா, அச்சை நிறுத்துங்க. மிஸ் லவேடாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மார்ச் பதினாலு என்றதும் நிறுத்தச் சொன்னார்.

"அன்னிக்கு நான் பிரசவ வார்டுல இருந்தேன். என் பொண்ணு ரூபியானா பொறந்த நாள். ஹாலிஸ் வேற ஆளை வச்சு முடிச்சிட்டார்னு கோவத்துல நான் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்ல. கிளியோஃபஸ்! யார் வாசிச்சது?"

டீக்கன் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "நீ வரமாட்டேன்னு சொல்லத்தான் போனேன். ஹாலிஸ், போய் அவ கிதாரை எடுத்துட்டு வா, நீயே வாசின்னார். இந்த ஒரு கம்பியை மட்டும் தட்டு, வேற எதையும் தொட்டுத் தொலைக்காதேன்னார்."

"என் கிதாரையா தொட்ட?"

ஊருக்கெல்லாம் பத்துப் பொய் சொன்ன மனுஷர் ஐயா, அந்த ஒரு உண்மையை மட்டும் சம்சாரத்துக்குப் பயந்து ஐம்பத்தைந்து வருஷம் முழுங்கி வச்சிருந்திருக்கார்! மிஸ் லவேடா உடனே என் போனை வாங்கி, அந்தப் பாட்டை முதல் தடவையா முழுசாக் கேட்டார். கடைசியில், "தாளம் தப்பல" என்றார். டீக்கன் அழுதுவிட்டார்.

ஆகவே மிஸ் லவேடா சொல்லச் சொல்ல எழுதிய திருத்தம் இது. முதல் பத்துப் பாட்டு, பேஸ்: லவேடா டார்ப்ளி. பதினொன்றாவது, பேஸ்: மிஸ்டர் லவேடா டார்ப்ளி. ஒரு எழுத்துக் குறையக் கூடாதாம்.

இதை மடலில் படிக்கிறவர்களே, உங்க வீட்டுப் பரணில, சர்ச் அலமாரியில, பழைய பதிவுத் தாள்ல 'மிஸஸ்' போட்டுப் பக்கத்துல ஒரு ஆம்பளை பேர் இருந்தா உடனே படம் எடுத்து எனக்கு அனுப்புங்க, நாலு பேருக்கும் சொல்லுங்க!