சல்லடைக்காரரின் விரல்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் மேய்கிற எந்தப் பசுவின் வயிற்றுக்குள்ளும் என்ன நடக்கிறது என்று அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதைப் படைத்தவர். அவருக்கே ஐயம் வந்தால் கேட்க வேண்டியவர் எங்கள் சல்லடைக்காரர்.

வீடு வீடாகச் சைக்கிளில் போய்ப் பால் கறந்து கொடுப்பது அவர் தொழில். சைக்கிள் கைப்பிடியில் ஒரு மாவுச் சல்லடை தொங்கும். கறந்து முடித்ததும் ஒரு பிடி சாணியை அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசுவார். மிஞ்சியதை விரலால் கிளறி, நகை மதிப்பிடுபவர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அந்தச் சல்லடை அடுக்களையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து அவர் வீட்டில் புட்டு கிடையாது.

ஒருமுறை குளத்தூர் சாலையோரம் கிடந்த சாணியின் அருகே சைக்கிளை நிறுத்தினார்.

"சாரே, இது தாசனுக்க பசுவாக்கும். நேற்று கல்யாண வீட்டில கேறி எலையத் தின்னுருக்கு."

தாசன் சத்தியம் செய்து மறுத்தார். மாலையில் கல்யாண வீட்டுப் பந்தல்காரர் தாசனுடைய பசுவின் அறுந்த கயிற்றோடு வந்து நின்றார்.

நான் அப்போது பால் சங்கத்தின் செயலாளர். விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சாணியைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. ஆகவே அவரை நான் பொருட்படுத்தவில்லை.

அந்த ஆண்டு சங்கத்துக்கு என்சைம் தூள் வந்தது. தீவனத்தில் கலந்தால் வைக்கோலின் முரட்டு நாரை உடைத்துச் செரிக்க வைக்கும், பால் கூடும் என்றார்கள். நான் வகுப்பு நடத்தினேன், கையொப்பம் வாங்கினேன், பொட்டலம் கொடுத்தேன். சூடு படக்கூடாது என்று உறையில் பொடி எழுத்தில் இருந்தது. அதற்காக அலமாரியை மின்விசிறிக்குக் கீழே நகர்த்தி வைத்தேன். முறை என்றால் முறை.

மூன்றாம் வாரம் தங்கபாய் சங்கத்து வாசலில் வந்து நின்றார். கணவர் இல்லை, பிழைப்பு என்று இருந்தது ஒரே ஒரு பசு.

"சாருக்க தூளப் போட்டு ஒரு துள்ளி பாலு ஏறல்ல. வெள்ளிக்கிழம தரகன் வாறான். பசுவக் குடுக்கப் போறேன்."

நான் புகார்ப் படிவத்தை நீட்டினேன். பால் கேனை இறக்கிக்கொண்டிருந்த சல்லடைக்காரர் திரும்பினார்.

"படிவத்தப் பசு தின்னாது சாரே. மக்கா, நாளைக் காலத்த நான் வாறேன்."

ஆய்வு என்று பெயர் சொல்லிக்கொண்டு நானும் போனேன். சல்லடையில் வைக்கோல் துண்டுகள் தின்ற நீளத்திலேயே கிடந்தன.

"தூளு எப்பம் போடுவ, மக்கா?"

"காடி கொதிக்கும்பம் போடுவேன். நல்லா வேவட்டும்னு மூடியும் வைப்பேன்."

எங்கள் பக்கத்தில் பசுவின் மேல் அன்பிருந்தால் காடி காய்ச்சுவார்கள். கஞ்சி, தவிடு, பிண்ணாக்கு எல்லாம் ஒரே பானையில் கொதிக்கும்.

சல்லடைக்காரர் தலையில் கை வைத்தார். "அடி பாவி, தூள வேவிச்சுக் கொன்னுட்டியே! சாரே, ஆறவச்சுப் போடணும்னு வகுப்பில சொன்னியளா?"

சொல்லவில்லை. அந்தப் பொடி எழுத்தை அலமாரிக்கு வந்த உத்தரவு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆறிச்சுன்னு எப்பிடித் தெரியும்?" என்றார் தங்கபாய்.

சல்லடைக்காரர் காடி வாளிக்குள் சுட்டுவிரலை விட்டார். "பத்து எண்ணு. வெரலு பொறுத்துதுன்னா போடு."

"வெரலு வெந்துதுன்னா?"

"தூளு தப்பிச்சுன்னு நெனச்சுக்க."

வெள்ளிக்கிழமை தரகர் கயிற்றோடு வந்தார். சல்லடைக்காரர் வாசலில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார். "எலே, பத்து நாளு கழிச்சு வா. பாலு ஏறல்லேன்னா பசுவோட எனக்க சைக்கிளையும் கொண்டு போ."

சைக்கிள் போனால் அவருக்குத் தொழில் இல்லை. நான் பால் கணக்கேட்டை மணிக்கொரு தரம் புரட்டினேன். அவரோ தினமும் சாணியை அலசிப் பார்த்துக்கொண்டிருந்தார். சல்லடையில் நார் நாளுக்கு நாள் குட்டையாகி வந்தது. பத்தாம் நாள் சங்கத்து அளவையில் தங்கபாயின் பால் ஒரு லிட்டர் கூடியிருந்தது. ஒரே ஒரு லிட்டர்தான். அந்தப் பாலில் டீ போட்டுக் கொடுத்துத் தரகரை அனுப்பி வைத்தார் தங்கபாய்.

மறுநாள் சல்லடைக்காரர் சங்கத்துக்குள் வந்தபோது நான் எழுந்து நின்றேன். மேலதிகாரிகள் வந்தபோதுகூடப் பாதிதான் எழுந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். போன மாதம் வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது அவர் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டு வந்தார். மூடியைத் திறந்தார். சுட்டுவிரலை உள்ளே விட்டார். வாய்க்குள் பத்து எண்ணினார்.

"ஆறிச்சு சாரே. இனி குடியும்."

அன்று காலை அந்த விரல் எங்கெங்கே போய் வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.